தகராறு என்ற சொல்லும் எங்கள் மொழிபெயர்ப்பாளரும்

எங்கள் நீதிமன்றத்தில் அவருக்கு 'வாய்' என்று பெயர். "வாய் வந்தாச்சா?" என்று நீதிபதியின் உதவியாளர் கதவிடுக்கில் தலையை நீட்டிக் கேட்பார். வாய் வராமல் விசாரணை தொடங்காது. கூண்டில் நிற்கும் சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதியின் மொழிக்கும், நீதிபதி கேட்பதைச் சாட்சியின் தமிழுக்கும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. அவர் சொல்வதைத் தட்டச்சு செய்வது என் வேலை. என் பாதி உத்தியோகம் அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே கழிந்தது.

ஒல்லியான மனிதர். கறுப்புக் கோட்டு அவர் தோளில் இருப்பதைவிட ஆணியில் தொங்கும்போது இன்னும் பொருத்தமாக இருக்கும். வேலையில் மட்டும் யாரும் அவரை அசைக்க முடியாது. சாட்சி ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் அதை மென்று விழுங்க மாட்டார். ஒருமுறை ஒரு பெரியவர் எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்து ஒன்று சொல்லிவிட்டார். இவர் முகம் மாறாமல் அதை அப்படியே நீதிபதியிடம் ஒப்படைத்தார். "இது அவர் சொன்னதா, நீங்கள் சொன்னதா?" என்றார் நீதிபதி. "வார்த்தை அவருடையது, உச்சரிப்பு என்னுடையது" என்றார் இவர். அன்று நானும் சிரித்துத் தட்டச்சில் இரண்டு பிழை விட்டேன்.

சண்டைக்கு நம்மிடம் எத்தனையோ வார்த்தைகள். நீதிபதிக்கு ஒரே வார்த்தை போதும். இவருக்குப் போதாது. தேநீர் இடைவேளையில் என்னிடம் பிரித்துப் பிரித்துச் சொல்வார்.

"மனஸ்தாபம்னு சொல்றவங்களை விட்டுடும்மா. மனசு கொஞ்சம் சுட்டிருக்கு, அவ்வளவுதான். வராந்தாவுலயே ராசியாயிடுவாங்க. பிணக்குன்னு சொல்றவங்க ஒருத்தரை ஒருத்தர் விட முடியாதவங்க. கொடியும் கொடியும் பின்னிக்கிட்டுக் கிடக்கிறதுக்கும் அதே வார்த்தைதான். தகராறுன்னு சொல்றாங்க பாரு, அவங்கதான் நமக்குச் சோறு போடறவங்க. அடுத்த தேதிக்கும் வருவாங்க, அதுக்கு அடுத்த தேதிக்கும் வருவாங்க."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அப்போது அவருக்குத் தெரியாது. அவர் வீட்டிலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கும் தெரியாது.

வீடு மூன்றாம் மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் ஈரச் சுவர்தான். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மருந்துக்கடையில் வேலை. அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு என்ன நோய் என்று அக்காவுக்குத் தெரியும். ஒருவரைப் பற்றியும் இன்னொருவரிடம் வாய் திறந்ததில்லை. சீட்டைக் கையில் வாங்கும்போதே "என்ன, இந்தத் தடவை டாக்டர் பாதியாக் குறைச்சுட்டாரு?" என்று கேட்கும் அளவுக்கு நினைவு.

அவர்களுக்கு ஒரே மகள். ஒரு பெரிய விடுதியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே துணிகளுக்கு இஸ்திரிப் பெட்டி போடும் பகுதியின் மேற்பார்வையாளரோடு பழக்கம். அவருக்கு வயது கூடுதல், மனைவி இறந்துவிட்டார், ஒரு சின்னப் பெண் குழந்தை. கட்டினால் இவரைத்தான் என்று மகள் சொன்னாள். இன்னொருத்தி பிள்ளைக்கு அம்மாவாகப் போய் நிற்கவா உன்னை வளர்த்தோம் என்று இரண்டு பேரும் குதித்தார்கள். சில வாரங்கள் வீட்டில் தட்டும் டம்ளரும்தான் பேசின. பிறகு ஒரு ஞாயிறு மாலை மகள் ஒரு பையோடு கிளம்பிப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் அந்தப் படியேறவில்லை.

நான் முதன்முதலில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனது அதற்கு இரண்டொரு வருஷம் கழித்து. தண்ணீர்க் குடத்தை நகர்த்துவதில் ஆரம்பித்தது. "மெதுவா வெய்யி, கீழ் வீட்டுக்காரங்க கத்துவாங்க" என்றார் அவர்.

"பெத்த பொண்ணை வெளியில அனுப்பினவரு. எனக்கு எதுக்கு உபதேசம்?" என்றார் அக்கா.

"நான் அனுப்பினேனா? 'போறதுன்னா போ'ன்னு சொன்னது யாரு?"

"நீங்க."

"நீ. துணி மடிச்சுக்கிட்டே, தலையை நிமிராம சொன்னே."

"என் வாயால அந்த வார்த்தை வரல."

"வந்துச்சு. என் காதால கேட்டேன்."

"கேட்டீங்களோ, மொழிபெயர்த்தீங்களோ!"

எனக்குக் கையில் எடுத்த கவளத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்களோ என்னைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அடுத்தடுத்துப் போகும்போதெல்லாம் இதே பேச்சு இதே வரிசையில் வரும். குடத்தில் ஆரம்பிக்கும், இல்லையென்றால் செருப்பில், இல்லையென்றால் கரண்டு போனதில். முடிவு எப்போதும் "மொழிபெயர்த்தீங்களோ"தான். மற்றவர்கள் சொன்னதை இம்மி பிசகாமல் சொல்லிப் பிழைக்கிற மனிதர். சொந்த வீட்டில், சொந்தக் காதால் கேட்டதாக அவர் சொல்வதை அந்த ஒரு ஆள் மட்டும் நம்பவில்லை.

வார்த்தையின் கதை தெரிந்தது ஒரு வழக்கில். இரண்டு கடைக்காரர்களுக்குப் பொதுவான மாடிப்படி ஒன்று. யார் அதில் பெட்டி அடுக்குவது என்பதில் அடிதடி. எங்கள் சாட்சி மூச்சுக்கு மூச்சு "தகராறு, தகராறு" என்றார். பின்வரிசையில் அரபு மொழிபெயர்ப்பாளர் தன் வழக்குக்காகக் காத்திருந்தார். பருத்த மனிதர், எப்போதும் பல்வலி, கன்னத்தில் கை. விசாரணை முடிந்ததும் எங்கள் அறைக்கு வந்தார்.

"உங்க சாட்சி எங்க வார்த்தையைப் போட்டு உருட்டுறாரே. தக்ரார், தக்ரார்னு. எதைத் திரும்பச் சொல்லணும்கிறார்?"

"திரும்பச் சொல்றதா? தகராறுன்னா சண்டை" என்றார் இவர்.

"எங்ககிட்ட அதுல சண்டையே கிடையாது. சொன்னதையே மறுபடி மறுபடி சொல்றதுக்குத் தக்ரார்னு பேரு. பாடம் ஒப்பிக்கிற மாதிரி."

இவர் தேநீரைக் குடிக்காமலேயே எழுந்து நூலகத்துக்குப் போனார். பெரிய அகராதியைப் பார்த்துவிட்டு வந்தபோது விரலெல்லாம் தூசி. "உண்மைதாம்மா. அரபியில கிளம்பும்போது திரும்பச் சொல்றது. உருது வழியா வரும்போது வாக்குவாதமாயிடுச்சு. நம்மகிட்ட வந்து சேரும்போது அடிதடி. இப்ப தண்ணி மோட்டார் ஓடலன்னாலும் தகராறு பண்ணுதுங்கிறோம்." விரல் தூசியைத் துடைத்துக்கொண்டே, "யாரோ ரெண்டு பேரு ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசறதை எவனோ ஒருத்தன் பக்கத்துல நின்னு பாத்திருக்கான். அவன்தான் அர்த்தத்தை மாத்தினவன்" என்றார்.

அன்று மாலை அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா சிரித்தாராம். "அப்ப நாம சண்டை போடறதில்ல, ஒப்பிக்கிறோம். யாராவது ஒருத்தர் ஃபெயிலாப் போனா நல்லாயிருக்கும்." அந்த வாரம் முழுக்க வீட்டில் சத்தமில்லை என்று அவரே ஆச்சரியப்பட்டுச் சொன்னார். அடுத்த வாரம் கொடியில் காயப்போட்ட துண்டு கீழே விழுந்தது. மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அவர் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு சீக்கிரமே அக்காவின் நினைவு தடுமாற ஆரம்பித்தது. ஒரே ஆளுக்கு ஒரே மருந்தை இரண்டு முறை கட்டிக் கொடுத்தார். இன்னொரு நாள் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இங்க மருந்து எங்க கிடைக்கும்?" என்று வாடிக்கையாளரைக் கேட்டிருக்கிறார். கடை முதலாளி நல்ல மனிதர். தானே ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டு, கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

எல்லாம் போயிற்று. அடுப்பை அணைப்பது, புடவைக்கு ஊக்கு குத்துவது, பக்கத்து வீட்டுக்காரர் முகம், தன் வயது. அந்த ஞாயிறு மாலை மட்டும் போகவில்லை. அது நேற்றாகிவிட்டது. தினமும் காலையில் எழுந்து தேநீரைக் கையில் வாங்கியதும் கேட்பார்.

"ஏங்க, அவளை ஏன் போன்னு சொன்னீங்க?"

முதலில் அவர் பழைய பதிலையே சொன்னார். "நான் சொல்லல, நீதான் சொன்னே." அதன் விளைவை நான் ஒருநாள் நேரில் பார்த்தேன். முன்பெல்லாம் சட்டென்று திருப்பி அடிக்கிற அக்கா அன்று அடிக்கவில்லை. அந்தச் செய்தியை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர் போல வாயைப் பொத்திக்கொண்டார். "நானா? என் வாயாலயா?" என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். தேநீர் புடவையெல்லாம் கொட்டியது. பெற்றவளுக்கு அந்தச் சேதி தினமும் காலையில் புதிதாக வந்தது.

"எதிர்த்துப் பேசாதீங்க. அவங்க சொல்றதை ஒத்துக்கிட்டுப் போங்க" என்றார் மருத்துவர்.

அவர் ஒத்துக்கொண்டார். மறுநாள் அக்கா கேட்டதும், "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார்.

அக்கா அழவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். அவர் கையால் கொடுத்த எதையும் தொடவில்லை. நடுப்பகல்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மதியத்துக்கு மேல் எல்லாம் மறந்துபோய், "என்னங்க, சாப்பிட்டீங்களா? முகம் வாடியிருக்கே" என்று அவர் கன்னத்தைத் தொட்டார். அடுத்த காலை மறுபடி கேள்வி, மறுபடி ஒப்புதல், மறுபடி சுவர். மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. "காலையில தண்டனை, மத்தியானம் விடுதலை" என்று என்னிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒருநாள் வேறு ஒன்று சொன்னார். "தினமும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. இப்ப நினைச்சுப் பாத்தா என் குரல்லதான் அந்த 'போ' கேக்குது. அவ குரல்ல கேக்கவே மாட்டேங்குது."

மகள் எங்கே இருக்கிறாள் என்று இருவருக்கும் ரொம்ப நாளாகத் தெரியும். இரண்டு மணி நேரப் பேருந்துத் தூரத்தில், கணவரோடு சொந்தமாகச் சலவைக்கடை. அந்தப் பெண் குழந்தை வளர்ந்து வேலைக்கே போய்விட்டாள். இவர் அந்தக் கடையின் தொலைபேசி எண்ணை என்னிடம் கொடுத்து, "நீ பேசும்மா" என்றார். வாய்க்கே ஒரு வாய் தேவைப்பட்டது. நான் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி சீறும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஞாயித்துக்கிழமை கடை கிடையாது, வர்றேன்" என்றாள்.

வந்தாள். நரை ஓடிய தலை, வெந்நீரில் ஊறி ஊறித் தோல் உரிந்த விரல்கள். அவர் கதவைத் திறந்துவிட்டு "வா" என்றார். "வந்துட்டேன்பா" என்றாள். அவ்வளவுதான். நான் தேநீர் போடப் போனேன். சமையலறையிலிருந்து எல்லாம் கேட்டது.

அக்கா அவளை மருந்துக்கடைக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டார். "கையில என்ன, சோப்பு ஒத்துக்கலையா? களிம்பு தர்றேன், ரெண்டு வேளை தடவு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் உன்னை மாதிரி ஒருத்தி இருக்கா. நேத்து சாயங்காலம் இவரு போறதுன்னா போன்னு சொல்லிட்டாரு. இன்னும் வீட்டுக்கு வரல" என்றார்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார் அவர். பழக்கத்தில் வந்துவிட்டது.

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா சொல்றீங்க? நீங்க எங்க சொன்னீங்க?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப அம்மாதானா?"

"அம்மாவும் சொல்லல. யாருமே ஒண்ணும் சொல்லல."

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் அப்படியே நின்றேன். மகள் கோபமாகப் பேசவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அதோ அந்தக் கதவுகிட்டதான் நின்னேன். செருப்பு வாரை மாட்டிக்கிட்டே இருந்தேன். வாரு மாட்ட எவ்வளவு நேரமாகும்? கழட்டிக் கழட்டி மாட்டினேன். அம்மா துணி மடிச்சிட்டிருந்தாங்க. ஒரே துண்டையே திரும்பத் திரும்ப மடிச்சாங்க. நீங்க நாற்காலியில உக்காந்து உத்தரத்தைப் பாத்துட்டிருந்தீங்க. யாராவது ஒருத்தர் 'எங்க போறே'ன்னு கேட்டாக்கூடப் பையைக் கீழ வெச்சிருப்பேன். திட்டியிருந்தாலும் சண்டை போட்டுட்டு இங்கயே கிடந்திருப்பேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. 'போ'ன்னு ஒரு குரல்..." என்றார் அவர்.

"அப்பா, அந்த ஒரு வார்த்தை வந்திருந்தா எனக்கு மறந்திருக்குமா?"

அவர் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அக்கா மகளின் விரல்களைப் பிடித்து உரிந்த தோலை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். தேநீர் ஆறி ஏடு படிந்தது. மாலைப் பேருந்துக்கு மகள் கிளம்பினாள். நானும் அவளோடு படியிறங்கினேன். பேருந்து வந்தபோது, "ரெண்டு பேரும் இத்தனை வருஷம் அதை வெச்சுக்கிட்டா சண்டை போட்டாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஏறி உட்கார்ந்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் அக்கா கேட்டார். அவர் அன்று உண்மையைச் சொன்னார். "நான் சொல்லல. நீயும் சொல்லல. யாரும் எதுவும் சொல்லல."

அக்கா டம்ளரைப் பிடித்தபடி யோசித்தார். "பின்ன ஏன் போனா?"

அக்கா விடவில்லை. யாருமே ஒண்ணும் சொல்லலன்னா ஏன் போனா, நாம அங்கதானே இருந்தோம், ஏன் போனா என்று கேட்டுக்கொண்டே அறைக்கும் சமையலறைக்கும் நடந்தார். மத்தியானம் ஆனது, மறக்கவில்லை. மாலையும் ஆனது. அவர் என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அக்கா கதவைத் திறந்து படிக்கட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவர் நாற்காலியில் கூனிப்போய் இருந்தார்.

அதற்கு அடுத்த நாள் முதல் பழையபடி, "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றே சொன்னார். பொய் என்று தெரிந்தே சொன்னார். அதுவரை சந்தேகத்தில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. "யாரோ சொன்னாங்கன்னு இருந்தாத்தான் அவளால உக்கார முடியுது. என்னாலயும்" என்றார் அவராகவே.

மகள் மாதம் ஒருமுறை வந்தாள். அக்காவுக்கு அவள் எப்போதும் கையில் புண்ணோடு வரும் வாடிக்கையாளர்தான். மழைக்காலத்துக்கு முன்னால் அக்காவின் பேச்சு குறைந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு வாக்கியங்கள். ஒருநாள் காலை தேநீரை வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் குடித்தார். அடுத்த நாளும் கேட்கவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து காத்திருந்தார். நான் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ போயிருந்தபோது, அவர் தானாகவே குனிந்து மனைவியிடம் சொன்னார்: "நான்தான் அவளைப் போன்னு சொன்னேன். கேட்டியா? நான்தான்." அக்கா டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது சொல்லேன். 'மொழிபெயர்த்தீங்களோ'ன்னாவது கேளேன்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அந்த ஈரச் சுவரைப் பார்த்தேன்.

அந்த மழையிலேயே அக்கா போய்விட்டார். மகள் கணவரோடு வந்திருந்தாள். அமைதியான மனிதர். வந்த இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றிச் சரிசெய்தார். காரியங்கள் முடிந்ததும், "மாமா, நம்ம வீட்டுக்கு வந்துடுங்க" என்றார். இவர் உடனே போகவில்லை. கொஞ்ச நாள் தனியாக இருந்து பார்த்தார். முடியவில்லை, போனார்.

சென்ற மாதம் நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கடைக்கு மேலேயே வீடு. கீழிருந்து வரும் ஆவியில் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது. பகலில் கடையில் உட்கார்ந்து துணிகளுக்கு எண் அட்டை குத்துகிறார். மகளும் அவரும் மரியாதையாக, ஜாக்கிரதையாகப் பேசிக்கொள்கிறார்கள். தண்ணீர் வேண்டுமா, போர்வை போதுமா. விருந்தாளி வீட்டுப் பேச்சு.

நான் இருந்தபோதே ஒன்று நடந்தது. அவர் தலையணைக்கு அடியில் இரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு வாரத்துக்கானவை அப்படியே இருந்தன. மகள் அவற்றைக் கையில் அள்ளிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"என்னப்பா இது? வாங்கி வாங்கி வெக்கிறது அழகு பாக்கவா?"

"மறந்துட்டேன்."

"ஏழு நாளா மறந்தீங்களா? விழுந்து கிடந்தா யாரு தூக்கறது? உங்களுக்கு எல்லாமே விளையாட்டாப் போச்சு!"

"கத்தாதே, கடையில ஆளு இருக்காங்க."

"கத்துவேன். என் கடை, நான் கத்துவேன்!"

சட்டை வாங்க வந்தவர் ரசீதை நீட்டியபடி திகைத்து நின்றார். மருமகன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மாமனாரின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஏறியது. அக்கா போன பிறகு அந்த முகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீரில்லாமலே விழுங்கினார்.

மறுநாள் தொலைபேசியில் பேசினேன். மாத்திரை போட்டீர்களா சார் என்று கேட்டேன். இன்றைக்கும் போடவில்லை, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் மகள் கண்ணில் படட்டும் என்று வைத்திருக்கிறேன் என்றார். "அவ பாத்துட்டாம்மா. பாத்துட்டுத்தான் போனா. ஒண்ணும் சொல்லல" என்றார்.